கடிகாரத்தில் சுரண்டிய மருந்து

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவின் இடது மார்பில் கொட்டைப்பாக்களவு கட்டி. சேலத்து டாக்டர் பார்த்துவிட்டு, மதராசில் ரேடியம் வைத்துக் கரைக்கிறார்கள், உடனே கூட்டிப் போங்கள் என்றார். பஸ் பிடித்து எங்கள் ஊர் எருமப்பட்டிக்குத் திரும்பினோம்.

வீட்டுக்கு வந்ததும் தாய்மாமா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். பட்டாளத்தில் இருந்தபோது வாங்கியது. இருட்டில் எண்கள் பச்சையாக ஒளிரும்.

"மதராசுக்கு எதுக்குங்க மச்சான்? இதுல பூசியிருக்கறதும் அதே ரேடியந்தானுங்க."

"ஏன் மாப்ள, குடிச்ச கள்ளு இன்னும் எறங்கலியா?" என்றார் அப்பா. ஆனால் மறுக்கவில்லை. அது கடலைக்கொடி பிடுங்கும் மாதம், காட்டை விட்டு நகர முடியாது.

பன்னிரண்டு எண்கள், இரண்டு முட்கள். மாமா அவற்றைச் சவரக்கத்தியால் சுரண்டி, விளக்கெண்ணெயில் குழைத்துக் கொடுத்தார். அம்மா தானே பூசிக்கொண்டாள். பச்சை வெளிச்சம் இருக்கும்வரை மருந்து வேலை செய்யும், அணைந்தால் மதராசு என்று அப்பா முடிவு சொன்னார். ஆண்கள் பார்க்கக் கூடாத இடம் என்பதால் பார்த்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது.

தினமும் நண்பகலில் அம்மாவும் நானும் கம்பு மூட்டை அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவோம். முந்நூறு எண்ணினால்தான் கண் இருட்டுக்குப் பழகும். முதல் நாள் முப்பத்தொரு புள்ளிகள். நான்காம் நாள் பதினொன்று. மீதி வியர்வையிலும் சேலையிலும் போயிருக்க வேண்டும். ஏழாம் நாள் ஒன்றுமில்லை.

"எத்தன சாமி?" என்று வெளியிலிருந்து அப்பா கேட்டார்.

அம்மா மதராசுக்குப் போய், அவள் இல்லாத வீட்டை நினைக்கவே எனக்குப் பயம்.

"ஏழுங்கப்பா."

அதன்பின் பத்தொன்பது நாள் ஏழென்றே சொன்னேன். இருபதாம் நாள் கட்டி உடைந்தது. தை பிறக்குமுன் அம்மா இறந்தாள்.

பிறகு கல்லூரியில் படித்தேன். ரேடியம் அணுவின் கரு நிலையில்லாதது. தானாகவே உடைந்து கதிர் வீசும். சூடாக்கினாலும் குளிர வைத்தாலும் அதன் வேகம் மாறாது. பாதி உடையவே ஏறத்தாழ ஆயிரத்து அறுநூறு ஆண்டு. பச்சை வெளிச்சமோ, அதனோடு கலந்த வேறொரு பொடியுடையது. மதராசில் அளந்து வைத்து, மணி பார்த்து எடுத்துவிடுவார்களாம். கடிகாரத்தில் இருந்தது எதற்கும் போதாது. இவ்வளவும் புரிந்தது.

ஒன்று மட்டும் அந்த வயதில் தோன்றவேயில்லை. அந்த ஏழாம் நாள் இருட்டில் அம்மாவின் கண்ணும் பழகியிருக்கும். ஒரு புள்ளியும் இல்லாததை அவளும் பார்த்திருப்பாள். நான் ஏழு என்றதைக் கேட்டாள். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"கதவத் தொற சாமி," என்றாள். "அடுப்புல சோறு கொழஞ்சுரும்."