மூன்றாவது போத்தல்

கெட்டுப்போன சாப்பாடு பற்றிய கடிதங்களைச் சிங்களத்திலிருந்து தமிழுக்கு மாற்றுவதுதான் என் உத்தியோகம் என்று சொன்னதும், பெண் பார்க்க வந்தவர்கள்கூடப் பலகாரத் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள்.

சப்ரகமுவ மலையடிவாரத்தில் ஒரு சின்ன டவுன். பெயர் வேண்டாம். அங்குள்ள நகர சபையின் சுகாதாரப் பிரிவில் எனக்கு ஒரு மேசை. பட்டம் வாங்கிய கையோடு கிடைத்த வேலை. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. மொழிபெயர்ப்பு என்றால் அடுத்தவர் பேச்சை எழுதினால் போதும், நாம் வாய் திறக்க வேண்டியதில்லை என்று நம்பித்தான் வந்தேன். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கும் நீங்கள் எல்லோரும் இந்த இடத்தில் சிரிப்பீர்கள், சிரியுங்கள்.

இந்த வருடம், வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கிடந்த, பழுதான உணவு விற்பது பற்றிய உபவிதிகளைச் சபை நீக்கிவிட்டது. அவை போன விதத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

உள்ளே பூக்கும் பனி

பழைய உபவிதியின்படி, சந்தேகமான சாப்பாடு பிடிபட்டால் அதை மூன்று பங்காக்க வேண்டும். ஒன்று பரிசோதனைக்குக் கொழும்புக்குப் போகும். ஒன்று கடைக்காரருக்கு. மூன்றாவது பங்கை வாய் அகன்ற கண்ணாடிப் போத்தலில் போட்டு, வாயில் அரக்கு முத்திரை குத்தி, வழக்கு முடியும்வரை சபையில் வைத்திருக்க வேண்டும். எங்கள் கோப்பு அறையின் மூலையில் அதற்கென்றே ஒரு பழைய பிரிட்ஜ் நின்றது. கதவைத் திறந்தால் வரிசையாகச் சோறும் கறியும், கண்ணாடிக்குள். ஒவ்வொன்றின் கழுத்திலும் இலக்கமும் திகதியும் எழுதிய அட்டை. யாரோ இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோய் வருடக்கணக்காகத் திரும்பி வராத பந்தி மாதிரி இருக்கும்.

முதல் நாள் ஒரு போத்தலைத் துணியால் துடைத்தேன். பனி போகவில்லை. அது வெளியில் இல்லை, உட்பக்கம் படிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரோ உள்ளே வாயை வைத்து ஊதினாற்போல, இன்னும் கொஞ்சம் படர்ந்தது. எங்கள் சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. மாத்தயா, எனக்குப் பின்னால் நின்றிருந்தார். சிங்களவர், நல்ல மனிதர், என்னை 'நங்கி', தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார். தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசுவார், ஆனால் விடமாட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"பயம் வேணாம் நங்கி. உள்ள இருக்கிறது எல்லாம் இன்னும் உயிரோடதான் இருக்கு."

கத்தரிக்காய்

நான் சேர்ந்து இரண்டு மாதத்தில் சாந்தி வந்தார். மேலே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். முப்பது வயதுக்கு மேல் இராது, பார்த்தால் ஐம்பது. அவருடைய மகள் நிரோஷாவுக்கு ஏழு வயது. பஸ் ஸ்டாண்டுக் கடையில் வாங்கிக்கொண்டுபோன சோற்றுப் பார்சலில் பாதியைத் தின்றுவிட்டு, மிச்சத்தை மூடி வைத்தாள். மறுநாள் விடியுமுன் இறந்துபோனாள். உணவு நஞ்சானதால் மரணம் என்று விசாரணை முடிந்துவிட்டது. எந்த உணவு, எங்கே வாங்கியது என்று அது சொல்லவில்லை. கடைக்காரரோ, அது எங்கள் பார்சலே இல்லை, அந்தப் பொம்பளை வீட்டில் கிடந்த ஊசிப்போன சோற்றைக் கொடுத்திருப்பாள் என்று சொல்லிவிட்டார். தோட்டம் அதை நம்பியது. அன்றிலிருந்து தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒருவரும் சாந்தி கையால் ஒரு மிடறு தண்ணீர்கூட வாங்குவதில்லை. அந்தப் பார்சல் எந்தக் கடையினது என்று ஒரு தீர்ப்பு எழுதக்கூடிய ஒரே வழக்கு, எங்கள் பழைய உபவிதியின் கீழ் போட்ட வழக்குத்தான். நிரோஷா மூடி வைத்த மிச்சம் எங்கள் பிரிட்ஜில் இருந்தது.

கடைக்காரர் ஆள் வைத்துப் போத்தலை வீசிவிடுவார் என்று யாரோ சொல்ல, பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் சாந்தி வந்தார். இலக்கத்தைப் பார்த்துப் போத்தலை எடுத்தேன். சோற்றின் மேல் அவித்துப் பொரித்த முட்டை ஒன்று இருந்தது. அதில் ஒரு சின்ன வாய் கடித்த தடம், அப்படியே இருந்தது. முன்பற்களில் ஒன்று இல்லாத வாய். அதை ஒரு தாயிடம் காட்ட என்னால் முடியவில்லை. காட்டமுடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. அதை உள்ளே தள்ளிவிட்டுப் பக்கத்திலிருந்த வேறொரு போத்தலை எடுத்துக் காட்டினேன். ஏதோ கடையில் பிடித்த கத்தரிக்காய்க் கறியும் சோறும். நான் செய்த பிழை இதுதான். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை, பதினாலு மாதம் அந்தப் பிழையையே செய்தேன்.

சாந்தி போத்தலை முந்தானையால் சுற்றி மடியில் வைத்துக்கொள்வார். "குளிருதாடி?" என்று மெதுவாகக் கேட்பார். கண்ணாடியில் உள்ளங்கையை வைப்பார். கையை எடுத்த பிறகும் அந்தத் தடம் வெகுநேரம் மறையாது. முதல் தடவை மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உற்றுப் பார்த்தார். முட்டை வாங்கினதாகத்தானே ஞாபகம், இதில் கத்தரிக்காய் இருக்கிறதே என்றார். நான் பிரிட்ஜ் கதவைச் சாத்தினேன். அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

"புள்ள போனதுல எம் புத்தியும் போயிருச்சு போல, மிஸ்."

மெல்லாத வாய்கள்

நீக்கல் தீர்மானம் நிறைவேறியதும், எந்தெந்த விதிகள் போகின்றன என்பதைச் சாப்பாட்டுக் கடைகளில் தமிழில் வாசித்துக் கையெழுத்து வாங்கிவர என்னை அனுப்பினார்கள். முதல் கடை, டவுன் முழுக்க நானா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் பெரியவருடையது. பகல் சாப்பாட்டு நேரம், மேசை எல்லாம் ஆட்கள். ஓரமாக நின்று, பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தேன். தானாகச் செத்த மிருகத்தின் இறைச்சி. புழு கண்ட கோதுமை மா. தொற்றுநோயால் மரணம் நிகழ்ந்த வீட்டில் சமைத்த எந்தப் பண்டமும்.

பாதியில் ஒரு வித்தியாசம் தெரிந்தது. கடையில் சத்தமே இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். இருபது பேர் வாயில் சோற்றோடு, மெல்லாமல், விழுங்காமல், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொத்து ரொட்டி போடுகிறவரின் இரும்புத் தகடுகூட அந்தரத்தில் நின்றது. மழை மட்டும் கூரையில் பெய்துகொண்டிருந்தது. மிச்சத்தை எப்படி வாசித்து முடித்தேன் என்று தெரியாது. கையெழுத்துப் போட்ட நானா, பேனாவைத் திருப்பித் தராமல், மிகவும் தணிந்த குரலில் கேட்டார்.

"அப்ப தங்கச்சி, நாளையிலேந்து பழுதான சோறு விக்க ஏலுமா, ஏலாதா?"

சாட்சி

ஏலாது. புதிய உபவிதிகள் வருகின்றன. ஆனால் பழையவை போகும் நாளுக்கு முன், அவற்றின் கீழ் நிலுவையில் இருக்கும் வழக்குகள் முடிய வேண்டும், முடியாதவை தள்ளுபடி, போத்தல்கள் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடப்படும் என்று கடிதம் வந்தது. தமிழில் நான்தான் எழுதினேன். ஒரு வருடத்துக்கு மேலாக இழுத்த சாந்தியின் வழக்குக்கு இரண்டே கிழமையில் விசாரணைத் தவணை கிடைத்தது. சாந்திதான் முதல் சாட்சி. பார்சலில் என்ன இருந்தது என்று கேட்பார்கள்.

சாந்திக்கான சாட்சி அழைப்பைத் தமிழில் எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. சாந்தி என்ன சொல்வார்? பதினாலு மாதமாக மடியில் வைத்து மனப்பாடமாக்கிய கத்தரிக்காயைச் சொல்வார். முத்திரையை உடைத்தால் உள்ளே முட்டை இருக்கும். கடைக்காரர் வென்றுவிடுவார். ஊசிப்போன சோறு கொடுத்தவள் என்பது கோர்ட்டு முத்திரையோடு சாந்தி மேல் ஒட்டிவிடும். பி.எச்.ஐ. மாத்தயாவின் மேசைக்குப் போய், வாழ்க்கையில் முதல்தடவையாக யாரும் கேட்காமலே பேசினேன். அவர் திட்டவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் துடைத்தார்.

"தோட்டத்துக்குப் போங்க நங்கி. காட்டினது வேற போத்தல்னு மட்டும் சொல்லுங்க. சரியான போத்தல்ல என்ன இருக்குன்னு ஒரு சொல் சொன்னா, அந்தப் பொம்பளட சாட்சி செத்துப் போகும்."

கடைசிக் காம்பரா

பஸ் மேலே ஏற ஏற மூடுபனி. பிற்பகல் மூன்று மணிக்கு லைட் போட்டுக்கொண்டு போனது. இறங்கி வழி கேட்டது, தலையில் கொழுந்துக் கூடையோடு வந்த ஒரு பெண்ணிடம். கமலா என்று பெயர், சாந்திக்குப் பக்கத்துக் காம்பராவில், பக்கத்து அறையில், இருப்பவளாம். லயம்வரை கூட்டிவந்துவிட்டு, "தண்ணிகிண்ணி குடுத்தா குடிச்சிராதீங்க மிஸ், ஒடம்புக்கு முடியலன்னு சொல்லிருங்க" என்று காதருகில் சொன்னாள். கெட்ட எண்ணத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. என்மேல் அக்கறைதான்.

கதவு திறந்திருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. நிரோஷாவின் படத்துக்கு முன்னால் வாழையிலையில் சோறு, பக்கத்தில் கத்தரிக்காய்க் கறி. கறி போத்தலில் இருந்த நிறத்திலேயே, சோற்றின் இடதுபக்கம், போத்தலில் இருந்த அளவிலேயே வைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு வெள்ளியும் அப்படித்தானாம். "உசிரோட இருக்கையில கத்தரிக்காயக் கண்டாலே எந்திரிச்சு ஓடுவா, மிஸ். கடைசியா தின்னது இதுதான்னா, நான் என்ன செய்ய?" என்றார் சாந்தி. படத்திலிருந்த பிள்ளை முன்பல் ஒன்று இல்லாமல் சிரித்தாள். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். காட்டினது உங்கள் போத்தல் இல்லை, ஒருநாளும் இல்லை, நான் பயந்துவிட்டேன் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் இலையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். கத்தரிக்காயை மட்டும் ஒவ்வொரு துண்டாக எடுத்து வெளியே போட்டார். அப்புறம் என்னிடம் திரும்பினார்.

"அப்ப எனக்குப் பைத்தியம் இல்லையா, மிஸ்?"

கோர்ட்டு

போத்தலை ஈரச்சாக்கில் சுற்றி வேனில் கொண்டுபோனோம். என் மடியில்தான் இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் உள்ளே ஏதோ மெதுவாகப் புரண்டு கண்ணாடியில் தட்டியது. கோர்ட்டின் புழுக்கத்தில் மேசைமேல் வைத்ததும், உள்ளும் புறமும் பனி மூடி வெறும் வெள்ளையாகிவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று நீதவானுக்கும் தெரியாது, வக்கீலுக்கும் தெரியாது. கடைக்காரரின் வக்கீல் அதை நல்ல வாய்ப்பு என்று எடுத்துக்கொண்டு, இப்போதே சொல்லட்டும் என்றார். சாந்தி கூண்டில் நின்று, போத்தலைப் பார்க்காமல் சொன்னார்: சோறு, பருப்பு, அவித்து நாலாகக் கீறி மொளகாத்தூள் போட்டுப் பொரித்த முட்டை ஒன்று. அப்படிக் கீறிப் பொரிப்பது டவுனில் அந்த ஒரு கடைதான்.

முத்திரையை உடைத்து ஒரு தட்டில் கவிழ்த்தார்கள். எழுதிக்கொண்டிருந்தவர்கள் பேனாவை நிறுத்தினார்கள். நாலாகக் கீறிய முட்டை, அதில் அந்தக் கடித்த தடம். கடைக்காரர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். நான் பதினாலு மாதம் மறைத்ததைச் சாந்தி அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார். அழவில்லை. கூண்டிலிருந்து குனிந்து, தட்டிலிருப்பதற்கே சொல்வதுபோலச் சொன்னார்.

"பாதி எனக்குன்னு வச்சிருக்கா."

பெரட்டுக் களம்

பார்சல் அந்தக் கடையினது, அது உண்ணத் தகாதது என்று தீர்ப்பு வந்தது. அந்த உபவிதியில் எழுதப்பட்ட கடைசித் தீர்ப்பு அதுதான். தண்டப்பணம் அற்பம், கடை அனுமதி ரத்து. ஆனால் சாந்திக்கு வேண்டியது கடை இல்லை. அந்தத் தீர்ப்பைத் தமிழாக்கி, காலையில் ஆள் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் வாசிக்க வேண்டும் என்றார். கங்காணி ஒத்துக்கொண்டார். வாசிக்கிறவள் யார் என்பதை நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.

அன்று காலை மூடுபனியில் முதல் வரிசையைத் தவிர ஒரு முகமும் தெரியவில்லை. நூறு பேர் மூச்சு விடும் சத்தம் மட்டும் வெள்ளையிலிருந்து வந்தது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. கங்காணி "சத்தமா, மிஸ்" என்றார். பேப்பரை இறக்கிவிட்டு, பனியைப் பார்த்து, தொண்டை கிழியச் சொன்னேன். முடித்தபோது கூடைகளில் நீர் சொட்டுவது கேட்டது. பெயர் கூப்பிட ஆரம்பித்து, ஆட்கள் மலைக்குப் பிரிந்து போனார்கள். சாந்தி தன் தேத்தண்ணிப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். போனவர்களில் ஒரு காலடிச் சத்தம் நின்று, திரும்பி வந்தது. பனிக்குள்ளிருந்து கமலா வந்தாள். மன்னிப்பு என்று ஒன்றும் சொல்லவில்லை. கையை நீட்டினாள்.

"ரெண்டு மொடக்கு குடு, சாந்தி. தொண்டை காயுது."

ஆகவே, கவுண்டருக்குப் பின்னால் இருக்கும் தோழமைகளே, பேச வேண்டாம் என்று நம்பி நாம் சேர்கிற உத்தியோகத்தில், பேசாமல் விட்டது மட்டும் ஒருநாளும் கோப்பில் மூடிக்கிடப்பதில்லை, அது முழுவதையும் ஒரே காலையில் தொண்டை கிழியச் சொல்லவைப்பதற்கு ஓவர்டைமும் கிடையாது.