நிலவறையில் வந்த வாசம்

லாட்டி கோர்கா கை சுத்தமானவள். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சலவைக்கு வந்த கோட்டுப் பையில் ஒரு மிட்டாய் கிடந்தால்கூட, அதை உறையில் போட்டு, சீட்டோடு சேர்த்துக் குத்தித் திருப்பிக் கொடுப்பாள். சவுத் பெண்ட் ஊரின் மேற்கு வட்டாரத்தில் ப்ரோனெக்கின் டிரைகிளீனிங் கடைக்கு இஸ்திரி போட வந்தபோது அவளுக்கு வயது பத்தொன்பது. அது 1971. கிழவர் ப்ரோனெக் கண்ணை மூடுமுன் கடையை அவளுக்கே விற்றார். கடையோடு அடியில் கிடந்த மண்ணும் அவள் தலையில் விழுந்தது. அதைப் பற்றி அப்போது யார் யோசித்தார்கள்?

2006இல் அரசாங்க ஆட்கள் கடையின் கொல்லைப்புறத்தைத் துளைத்துப் பார்த்தார்கள். பழைய சலவைத் திரவம் மண்ணுக்குள் ஊறிப்போய், பக்கத்து வீட்டு நிலவறைக்குள் ஆவியாக ஏறிக்கொண்டிருந்தது. அது ஹலீனாவின் வீடு. காற்றை அளக்கும் மீட்டரைப் பார்த்த அதிகாரி, "இங்க ஆள் உட்காரவே கூடாது" என்றார்.

ஆனால் ஹலீனா தினமும் அங்கேதான் உட்கார்ந்தாள். கணவர் கேசிமிரின் தச்சு மேஜை இன்னும் அங்கே கிடந்தது. சிறுநீரகம் கெட்டு அவர் செத்துப் பதினேழு வருடம் ஆகியிருந்தது.

"மோந்து பாருடி லாட்டி," என்றாள் ஹலீனா. எழுபத்தெட்டு வயது முகத்தில் புதுப்பெண் வெட்கம். "ஞாயித்துக்கிழமை கோவிலுக்குப் போற கோட்டு வாசம். நீ தேய்ச்சுக் குடுத்தியே, அதே வாசம். மத்தியானம் ஆனா வந்துடுவார்."

இலேசான இனிப்போடு ஏறும் அந்தச் சலவைத் திரவ வாடை லாட்டிக்குத் தெரியாதா என்ன! "மேல வந்துடுங்க ஹலீனா, குளிருது," என்று மட்டும் சொன்னாள். கிழவி கையை உதறிவிட்டாள்.

மண்ணைச் சுத்தம் செய்ய லாட்டி கட்டவேண்டிய தொகைக்குக் கடையை விற்றாலும் கால்வாசி தேறாது. அப்போதுதான் பெல்னாப் வந்தார். செத்துப்போன இன்ஷூரன்ஸ் பாலிசிகளைத் தேடிப்பிடிப்பதுதான் அந்த மனிதரின் பிழைப்பு. ஆளும் அதற்கேற்றாற்போல் வெளிறிப்போய், சத்தமில்லாமல் நடப்பார்.

"எண்பத்தஞ்சுக்கு முன்னாடி எழுதின பாலிசி சாகாதும்மா," என்றார். "அது இருந்த வருஷத்துல கெட்ட மண்ணுக்கு இன்னிக்கும் அது பதில் சொல்லியாகணும். ப்ரோனெக்குக்கு யார் எழுதிக் குடுத்தது?"

"ஓடல்னு ஒரு ஏஜென்ட். செத்து இருபத்தொன்பது வருஷம் ஆச்சு. அவர் கோட்டு மட்டும் இங்க தொங்குது."

"இங்கேயா?"

"வெளுக்கப் போட்டுட்டு அந்த வாரமே போய்ச் சேர்ந்துட்டார். யாரும் வாங்க வரல. தூக்கிப்போட எனக்கு மனசு வரல."

வாங்காத துணிகளின் வரிசை கடைக்கோடியில் இருந்தது. லாட்டி அதைச் சுழற்றும் பொத்தானை அமுக்கினாள். ஆளில்லாத உடுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக அசைந்து வந்து, சாம்பல்நிறக் கோட்டு ஒன்று அவர்கள் எதிரில் நின்றது. சீட்டோடு உறை, லாட்டி குத்தியது. உள்ளே ஒரு பேனா, மடித்த நகல் ரசீது. ப்ரோனெக் கடைக்கு 1974 முதல் 79 வரை ஐந்து வருடப் பொறுப்புக் காப்பீடு, பாலிசி எண்ணோடு. பெல்னாப் அதை வெளிச்சத்தில் பிடித்து, எண்ணை இரண்டு தரம் படித்தார்.

பெயர் மாறி, கை மாறி எங்கேயோ உயிரோடிருந்த அந்தக் காப்பீட்டுக் கம்பெனி ஒரே கேள்வியைத்தான் கேட்டது: மண் அந்த வருடங்களில்தான் கெட்டது என்பதற்கு யார் சாட்சி?

"யாருக்காவது தெரியுமா?" என்றார் பெல்னாப்.

தெரியும். அந்த வருடங்களில் சனிக்கிழமை தோறும் மெஷினின் அடிக்கசட்டை இரண்டு வாளி வழித்தெடுத்து, ஹலீனா வீட்டு வேலியோரம் கொட்டியவள் லாட்டிதான். முதலாளி சொன்னார், செய்தாள். திரவம் விற்க வந்தவனே, "மண்ணுல ஊத்தும்மா, காத்துல போயிடும்" என்று சிரித்தான். கெடுதல் என்று ஒருவருக்கும் தெரியாது. அதை எழுதிக் கொடுத்தால் பணம் வரும். ஆனால் எழுதுமுன் ஹலீனாவிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? அவள் கையெழுத்துப் போடாமல் அவள் வீட்டுத் தரையைத் துளைக்கவும் முடியாது.

நிலவறைப் படியில் உட்கார்ந்து லாட்டி எல்லாவற்றையும் சொன்னாள்.

"அதனாலயா அவர் செத்தார்?"

"தெரியல. டாக்டருக்கே தெரியல. நான் ஊத்தினேன், அது தெரியும்."

கிழவி அதைக் காதில் வாங்கினாளா என்றே தெரியவில்லை. மேஜையைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "அப்போ இவ்வளவு நாளா வந்தது அவர் இல்லையா?"

பாவி, இதைவிட லாட்டியை அவள் செருப்பால் அடித்திருக்கலாம்.

"குடு அந்தக் காகிதத்தை," என்றாள் ஹலீனா. கையெழுத்துப் போட்டு எறிந்தாள். "நீ ஊத்தின சாமானை எடுத்துட்டுப் போடி."

பணம் வந்தது. வேலியோர மண்ணை வண்டி வண்டியாக அள்ளிப்போனார்கள். நிலவறைத் தரையைத் துளைத்துக் குழாய் இறக்கி, ஆவியை உறிஞ்சிக் கூரைக்கு மேலே தள்ளும் விசிறி வைத்தார்கள். ஈஸ்டர் கழிந்த வாரம், அதிகாரி மீட்டரை லாட்டியின் கண்ணெதிரே நீட்டினார். பூஜ்யம். அவர் படியேறிப் போய்விட்டார்; நிலவறையில் ஹலீனாவும் லாட்டியும் மட்டும் நின்றார்கள்.

அப்போதுதான் அந்த வாசம் வந்தது. இலேசான இனிப்பு. அதன்மேல் சூடான இஸ்திரி, விறைத்த காலர், கொஞ்சம் மரத்தூள். லாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டாள். அது மேஜைப் பக்கமிருந்து அவளை நோக்கி மெதுவாக நெருங்கி, தோளுக்குப் பின்னால் வந்து நின்றது.

"ஹலீனா... உங்களுக்கு வாசம் வருதா?"

கிழவி மூக்கை உயர்த்தி, கண்ணை மூடி, வெகுநேரம் இழுத்துப் பார்த்தாள்.

"ஒண்ணும் வரலையேடி," என்றாள். பிறகு லாட்டியின் முகத்தைப் பார்த்து, தோளுக்குப் பின்னால் பார்த்து, தானாகவே இரண்டடி தள்ளி நின்றாள். "இனி உங்கிட்டதான் வருவார் போலிருக்கு."