சாமி அறையில் வைத்த மின்னஞ்சல்

2023 டிசம்பர் 12, செவ்வாய்க்கிழமை, காலை 5.40. மூன்றாவது நாளாக விடாத மழை. வாவிப் பக்கமிருந்து வந்த காற்று யன்னலை உலுக்கிக்கொண்டிருந்தது. மின்சாரம் நாலேகாலுக்கே போய்விட்டது. நான் சாமி அறைக் கதவுக்கு வெளியே ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, உள்ளே கேட்ட சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். மின்சாரம் இல்லாதபோது கணினியைத் தாங்கும் மின்கலப் பெட்டி முதலில் நிமிடத்துக்கு நாலு தடவை கீச்சிட்டது. பிறகு எட்டு. பிறகு எண்ண முடியாதபடி ஒரே கீச்சு. அதன்பின் கணினியின் சின்ன விசிறியின் உறுமலும் அடங்கிப்போனது. எங்கள் கம்பனியின் ஆறு மின்னஞ்சல் முகவரிகளும் அத்தோடு நின்றன. கதவில் பூட்டுத் தொங்கியது. திறப்பு என் மனைவியின் இடுப்பில் இருந்தது.

கம்பனி என்பது பெரிய சொல். ஆரையம்பதியில் எங்கள் வீட்டு முன்னறைதான் கந்தோர். மருமகன் கட்டாரில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து, வாவியில் பிடிபடும் நண்டையும் இறாலையும் வாங்கிக் கொழும்புக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார். கொழும்பில் அதை வாங்குகிற இடம் பெரிய இடம். அந்த வருட நடுவில் அவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். இனிமேல் ஓடரும் பதிலும் மின்னஞ்சலில்தான். அதுவும் கம்பனியின் சொந்தப் பெயரில் பதிந்த முகவரியிலிருந்துதான். சும்மா கிடைக்கும் இலவச முகவரியை ஏற்கமாட்டார்களாம்.

இதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, எங்கோ வெளிநாட்டில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்கு மாதாமாதம் காசு கட்டி அவர்களுடைய இயந்திரத்தில் எங்கள் முகவரிகளை வைப்பது. மற்றது, வீட்டிலேயே மின்னஞ்சல் சேர்வராக ஒரு கணினியை வாங்கி நாங்களே நடத்துவது. மருமகன் கடுதாசியையும் பேனையையும் என் முன்னால் வைத்தார்.

“மாமா, ரெண்டில எது லாபம் எண்டு நீங்க ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க. எனக்கு நண்டு நிறுக்கத்தான் தெரியும்.”

அரசாங்கக் கந்தோரொன்றின் கணக்குப் பிரிவில் முப்பத்துநாலு வருடம் இருந்தவனிடம் இப்படிக் கேட்டால் என்ன ஆகும்? மூன்று இரவு எழுதினேன். வெளி நிறுவனம் முகவரி ஒன்றுக்கு மாதம் மூன்று டொலர் கேட்டது. அன்றைய விலைக்குத் தொள்ளாயிரம் ரூபாய். ஆறு முகவரிக்கு ஐந்து வருடத்தில் மூன்று இலட்சத்து இருபத்துநாலாயிரம். வீட்டில் வைத்தால், பாவித்த கணினி 62,000, மின்கலப் பெட்டி 32,000, பொருத்துகூலி 20,000. இணைய இணைப்புக்கு மாதம் மேலதிகமாக 1,500, மின்சாரத்துக்கு 1,200. ஐந்து வருடத்தில் இரண்டு இலட்சத்து எழுபத்தாறாயிரம். மிச்சம் 48,000. மாதத்துக்கு எண்ணூறு. அதோடு டொலர் ஒரே வருடத்தில் இருநூறிலிருந்து முந்நூற்றைம்பதைத் தாண்டியதைப் பார்த்தவன் நான். வீட்டில்தான் வைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

பொருத்துகிறவர் கொடுத்த விலைப்பட்டியலின் அடியில் இன்னொரு வரியும் இருந்தது. பழைய இயந்திரம் என்பதால் மின்சாரம் போய் வந்தால் தானாக எழும்பாது, யாராவது சுவிச்சை அமத்தவேண்டும். அதைத் தொலைவிலிருந்தே செய்யும் சிறு கருவி 4,500 ரூபாய். வீட்டில் எப்போதும் நாலு பெரியவர்கள் இருக்கிறோமே என்று அந்த வரியை வெட்டினேன். அதற்கு எல்லோரும் தலையாட்டினார்கள்.

எங்கே வைப்பது என்பதுதான் அடுத்த கேள்வி. முன்னறைக்குள் மாரியில் கணுக்கால் அளவு தண்ணீர் வரும். படுக்கை அறைகளின் கூரை இரண்டு இடத்தில் ஒழுகும். காய்ந்து, உயர்ந்து, பூட்டோடு இருந்த ஒரே அறை சாமி அறை. மனைவி இரண்டு நாள் யோசித்துத்தான் சம்மதித்தாள். பொருத்துகிறவர் வந்து இறங்கிய அன்று வாசலிலேயே மறித்தாள்.

“தம்பி, இண்டைக்கு வெள்ளிக்கிழமை. மீன் மச்சம் ஒண்டும் திண்டுட்டு வரல்லியே?”

“வெறுந் தேத்தண்ணி மட்டுந்தான் அம்மா. அதுவும் சீனி இல்லாம.”

படங்களுக்கு இடது பக்கத் தட்டில் இயந்திரம் ஏறியது. வேலை முடிந்ததும் மனைவி அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தாள்.

“மாமி, மறுகா மஞ்சள் தண்ணி தெளிச்சிராதீங்க” என்றார் மருமகன்.

“தெளிச்சாத்தான் ஓடர் வரும். ஆருக்குத் தெரியும்?”

ஐந்து மாதம் ஒரு குறையுமில்லை. ஊதுபத்திப் புகைக்குள் பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. மின்சாரம் நின்றால் யாராவது கால் கழுவிவிட்டுப் போய் சுவிச்சை அமத்திவிட்டு வருவோம். சந்தையில் கண்டவர்களிடமெல்லாம் மாதம் எண்ணூறு மிச்சம் என்று சொல்லித் திரிந்தேன்.

டிசம்பர் தொடக்கத்தில் தேற்றாத்தீவில் மனைவியின் அண்ணன் இறந்துபோனார். செத்தவீடு முடிந்து வந்தவள் தலை முழுகிவிட்டு நேரே போய் சாமி அறையைப் பூட்டினாள். துடக்கு, அதாவது சாவுத் தீட்டு. முப்பத்தோராம் நாள் வரை விளக்கு இல்லை, பூசை இல்லை, யாரும் உள்ளே போவதில்லை. எங்கள் பக்கத்தில் இது யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கிற விசயமில்லை. பூட்டும்போது நாங்கள் எல்லோரும் அங்கேதான் நின்றோம். உள்ளே சேர்வர் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிறதுதானே, அதற்கு ஆள் எதற்கு என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்த மழை நாளில் ஆறேகாலுக்கு மின்சாரம் திரும்பியது. வீட்டில் எல்லா விளக்கும் எரிந்தது. சாமி அறைக்குள் மட்டும் அசைவில்லை.

அன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் கொழும்புக்குப் பதில் போகவேண்டும். நத்தார்ப் பண்டிகையும் புதுவருடமும் சேர்ந்த பெரிய ஓடர் அது. அதைச் சரியாகக் கொடுத்தால் அடுத்த வருடம் முழுவதற்கும் ஒப்பந்தம். அதை நம்பி நூற்றைம்பது கிலோ நண்டு வாங்கி, கால் கட்டி, ஈரச்சாக்கு மூடி முன்னறையில் வைத்திருந்தோம். மருமகனின் பழைய முதலாளி கட்டாரிலிருந்து அவருக்காக ஓர் இடத்தை வருட முடிவு வரை பிடித்து வைத்திருந்தார். “இந்த ஓடர் கிடைச்சா நிப்பன். இல்லாட்டி மறுகாப் போறதுதான்” என்று மகளிடம் அவர் சொல்லியிருந்தது எனக்கும் கேட்டிருந்தது. பேத்திக்கு அப்போது மூன்று வயது. அவளுக்கு ஒரு வயதாகும் வரை அவர் அவளைக் கைப்பேசியில்தான் பார்த்தவர்.

மருமகன் பொருத்தியவருக்குப் போன் எடுத்தார்.

“ஓஃபாக் கிடக்கிற மெசினை நான் இஞ்ச இருந்து என்னெண்டு எழுப்பிறது? ஆராவது போய் சுவிச்ச அமத்துங்க. ஒரு செக்கன் வேல.”

“வெளிக் கம்பனிக்கு இப்பவே மாத்த ஏலாதா?” என்று நான் பின்னாலிருந்து கத்தினேன்.

“ஏலும் ஐயா. ஆனா முகவரி மாறினது எல்லா இடத்துக்கும் தெரியவர ஒரு நாள், ரெண்டு நாள் எடுக்கும்.”

அடுத்து நான் கொழும்புக்கு எடுத்தேன். பேசியது ஒரு பெண், மரியாதையான குரல்.

“அங்கிள், விடியவே ஓடர் அனுப்பிட்டன். இன்னும் போய்ச் சேரேல்ல எண்டு காட்டுது.”

“பிள்ள, போனிலயே சொல்லிர்றம். நூற்றம்பது கிலோ ஆயத்தம்.”

“நான் நம்பிறன் அங்கிள். ஆனா பதிஞ்ச முகவரியில இருந்து பதில் வந்தாத்தான் சிஸ்டம் எடுக்கும். பன்னிரண்டுக்குப் பிறகு ஓடர் சிலாபத்து ஆக்களுக்குப் போயிரும். என்ர கையில இல்ல.”

குசினிக்குப் போனேன். மனைவி கீரை அரிந்துகொண்டிருந்தாள். இந்த வீடு அவளுடைய சீதனம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து குடியேறுவான். மகளின் கலியாணத்தோடு வீடு மகள் பெயருக்குப் போனது. ஆகவே நானும் மருமகனும் அந்த வீட்டில் ஒரே மாதிரித்தான். எனக்குக் கொஞ்சம் கூடுதல் வருடம், அவ்வளவே.

“இஞ்ச பாரு. சுவிச்ச மட்டும் அமத்திட்டு வந்திருவன். விளக்கையோ படத்தையோ தொடமாட்டன்.”

“என்ர அண்ணன் போய் இன்னும் ஒம்பது நாள் ஆகல்ல.”

“துடக்கு உங்கட குடிக்குத்தானே? நான் வேற குடி. எனக்கு என்ன துடக்கு?”

குடி என்பது எங்களுக்குத் தாய்வழியாக வரும் வம்சம். அவளும் மகளும் இறந்தவரும் ஒரு குடி. நானும் மருமகனும் வேறு வேறு. கணக்குப்படி என் வாதம் சரி. அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“நாப்பத்திமூணு வருசமா இந்த வீட்டுச் சோத்தைத் தின்னக்குள்ள குடி ஞாபகம் வரல்லியா? அண்ணன்ர பாடைக்குத் தோள் குடுத்தது ஆரு? அந்தத் தோளோட சாமிக்கு முன்னால போகப் போறீங்களா?”

மகள் வாசலில் வந்து நின்றாள். அழுது முடித்த முகம்.

“அம்மா, அவர் போயிருவாரும்மா.”

மனைவி மறுபடி கீரையைக் கையில் எடுத்தாள். அந்த வீட்டைக் கட்டியவர் அவளுடைய அண்ணன். தங்கைக்கு வீடு எழும்பும்வரை தான் கலியாணம் கட்டமாட்டேன் என்று முப்பத்தாறு வயது வரை நின்றவர். சாமி அறைக்கு மட்டும் இரண்டு படி உயரம் வைத்ததும் அவர்தான், வெள்ளம் வந்தாலும் தங்கச்சி விளக்கு வைக்கவேணும் என்று. சேர்வருக்குக் காய்ந்த இடம் கிடைத்ததும் அந்த இரண்டு படியால்தான்.

பதினொன்று இருபதுக்கு அவள் எழுந்து வந்தாள். இடுப்பிலிருந்து திறப்பை எடுத்து என் கைக்குள் வைத்தாள்.

“இந்தாங்க. திறக்கிறதெண்டாத் திறங்க. என்ர புள்ளட வாழ்க்கைக்கு நான் குறுக்க நிண்டதா இருக்கப்படாது. நான் பின்வளவுக்குப் போறன். பாக்கமாட்டன்.”

மழையில் குடையில்லாமல் பின்வளவுக்குப் போய் மாமரத்தின் கீழ் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

நான் படியில் ஏறினேன். ஒரு படி. இரண்டாவது படி. நான் பெரிய பக்திக்காரன் இல்லை. திருவிழாவுக்குப் போனால் வரவுசெலவைத்தான் பார்ப்பேன். ஆனால் திறப்பைப் பூட்டுக்குள் விட என் கை போகவில்லை. இன்னும் அரைமணி நேரம் இருந்தது. ஒரு செக்கன் வேலை. மருமகனைத் திரும்பிப் பார்த்தேன்; நீயாவது வா என்று கேட்கிற பார்வைதான் அது. அவர் நண்டுப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றார். பாடையின் மற்றப் பக்கத்தில் தோள் கொடுத்தவர் அவர்.

“வேணாம் மாமா” என்றார். “மாமி மழையில நிக்கிறா. கூட்டிட்டு வாங்க.”

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மகள்தான் குடையோடு பின்வளவுக்குப் போனாள். பன்னிரண்டு அடித்தபோது முன்னறையில் நண்டுகள் பெட்டிக்குள் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. பன்னிரண்டரைக்கு நான் மறுபடி கொழும்புக்கு எடுத்தேன். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டாள். மன்னிப்புக் கேட்க அவளுக்கு ஒரு காரணமும் இல்லை.

நண்டை ஈரச்சாக்குக்குள் கனநாள் வைக்க முடியாது. இரண்டு நாள் களுவாஞ்சிக்குடிச் சந்தைக்கும் ஊருக்குள்ளும் விற்றோம். வாங்கியவர்கள் எங்கள் முகத்தைப் பார்த்து விலையைக் குறைத்தார்கள். துடக்கு வீட்டில் நாங்கள் நண்டைச் சமைக்கவும் முடியாது. எஞ்சியது நாற்றமெடுக்கத் தொடங்கியதும் மருமகன் அதைக் கிடங்கு வெட்டிப் புதைத்தார். மழையில் கிடங்கு நிரம்பி நிரம்பி வந்தது.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து, வீடு கழுவி, மனைவி அறையைத் திறந்தாள். முதலில் விளக்கு. பிறகு அவளே என்னைப் பார்த்து, “உங்கட சாமானையும் பாருங்க” என்றாள். சுவிச்சை அமத்தினேன். ஒரு பிழையுமில்லாமல் எழும்பியது. சந்தனப் பொட்டு காய்ந்து வெடித்திருந்தது. கொழும்பின் கடிதம் எங்களைத் தேடித் தேடி என்றைக்கோ களைத்துப்போயிருக்கவேண்டும். வந்து விழுந்தது ஒன்றே ஒன்று: குறைந்த விலையில் முகவரிகள் தருகிறோம் என்று ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் விளம்பரம்.

அதற்குள் மருமகன் கட்டாருக்குப் பெட்டி அடுக்கத் தொடங்கியிருந்தார். என்மேல் அவர் ஒரு சொல் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். பேத்தி பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவர் அவளைத் தூக்கி வெளியே விட, அவள் திரும்ப ஏறினாள். நான் அதை எண்ணவில்லை.

அவர் போன அன்று மத்தியானம் கடைசியாக ஒரு தடவை கணக்குப் போட்டேன். செலவெல்லாம் என் சேமிப்பிலிருந்துதான் போகவேண்டும் என்று நானே பிடிவாதமாகச் சொல்லியிருந்தேன். இயந்திரமும் மின்கலப் பெட்டியும் பொருத்துகூலியும் 114,000. ஆறு மாத இணைப்பும் மின்சாரமும் 16,200. இயந்திரத்தையும் மின்கலப் பெட்டியையும் பாவித்த சாமானாக விற்று வந்தது 35,000. நண்டில் நட்டம் 225,000. ஆக 320,200. வெளி நிறுவனத்துக்கு ஐந்து வருடத்துக்கு என்று நான் போட்ட தொகையைவிட 3,800 குறைவு. அந்த வரி வரைக்கும் என் கணக்குத்தான் வென்றிருந்தது. அதன் கீழே மருமகனின் விமானச் சீட்டு, வைத்தியப் பரிசோதனை, ஏஜென்சிக் கூலி, 185,000.

மொத்தம் ஐந்து இலட்சத்து ஐயாயிரத்து இருநூறு ரூபாய்.