பிரேக் டப்பாவில் ஊற்றிய ஆயில்

சாந்தோம் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் குப்பத்தில், படகுகளை மணல்மேட்டுக்கு இழுக்க ஒரு பழைய டிராக்டர் உண்டு. ஊர்ப் பொது வண்டி. அதன் பிரேக்கைத் தொடுகிற உரிமை மெக்கானிக் தனபாலனுக்கு மட்டும்தான். வேறு யாராவது ஸ்பேனரை எடுத்தால் வண்டை வண்டையாகத் திட்டுவார். தேனாம்பேட்டை ஒர்க்‌ஷாப்பில் இருபது வருடம் இருந்த மிடுக்கு.

வைகாசியில் ஒரு காலை, மேட்டிலிருந்து இறங்கிய டிராக்டர் நிற்காமல் போய்ப் படகோரம் நின்ற சக்திவேலின் காலை நசுக்கியது. ஆஸ்பத்திரியில் அந்தக் காலை எடுத்துவிட்டார்கள். ஓட்டியவன் கோபால். மிதித்தேன், பிடிக்கவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டான். அவன் குடிகாரன், எங்களுக்கு வேறு சாட்சி எதற்கு? பஞ்சாயத்தில் தனபாலனைக் கேட்டார்கள்.

"வண்டி நல்லாத்தான் கீது. போன வாரம்கூட பிரேக் ஆயில் பாத்தேன்" என்றார். பிரித்துப் பார்க்கவில்லை.

கோபாலோடு யாரும் பேசக்கூடாதென்று ஊர் கட்டுப்பாடு போட்டது. நானும் கை தூக்கினேன். இரண்டே மாதத்தில் மாரடைப்பில் போய்விட்டான். பாடை தூக்க அவன் மனைவி மேகலாவின் சொந்தக்காரர்கள் கோட்டூர்புரத்திலிருந்து வந்தார்கள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

ராசியில்லாத வண்டி என்று மாதக்கணக்கில் யாரும் அதைத் தொடவில்லை. போன வாரம்தான் தனபாலன் பிரேக்கைப் பிரித்தார். நான் பக்கத்தில் இருந்தேன். பெடலுக்குக் கீழே உள்ள சிலிண்டரிலிருந்து ரப்பர் வாஷர்கள் வரவே மாட்டேனென்றன. நெம்பி எடுத்தால், ஊறிய அப்பளம் மாதிரி உப்பிக் கிழிந்திருந்தன. பிரேக் ஆயில் ஊற்றும் டப்பாவில் விரலை விட்டு மோந்து பார்த்தார். முகம் செத்துவிட்டது.

"படகு என்ஜின் ஆயிலு. பிரேக் ஆயில்னு நெனச்சி நான்தான் ஊத்திக்கீறேன். இது பட்டா ரப்பரு உப்பிப்பூடும், பிரேக் புடிக்காது."

எங்கள் குப்பத்தில் எல்லா ஆயிலும் பழைய தண்ணீர் பாட்டிலில்தான் இருக்கும். அவசரத்தில் கைக்கு வந்ததை எடுத்திருக்கிறார்.

"இந்த ரப்பரைத் தூக்கிக் கடல்ல போடுண்ணா. நீ சொன்னா உனக்கும் அதே கட்டுப்பாடுதான். செத்தவன் எழுந்தா வரப்போறான்?" என்றேன். சொன்னது நான்தான், வேறு யாருமில்லை.

அவர் வாஷர்களைக் கையில் மூடிக்கொண்டு நேரே மேகலா வீட்டுக்கு நடந்தார். பின்னாலேயே போனேன். வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மேகலா, கோபாலு மேல தப்பு இல்லம்மா. ஆயிலை மாத்தி ஊத்தனது நானு. பிரேக் புடிச்சே இருக்காது. ஊரே அவன்கூட பேசாம சாவடிச்சதுக்கு நான்தான் காரணம். பஞ்சாயத்துல சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லணும்னு வந்தேன்."

கையை விரித்து வாஷர்களைக் காட்டினார். மேகலா மீனைக் கீழே வைத்துவிட்டு அந்த ரப்பர் துண்டுகளைப் பார்த்தாள்.

"ஊரு பேசலன்னா இன்னாண்ணா?" என்றாள். "ஒரே வூட்டுல இருந்துகினு, அந்த ரெண்டு மாசமும் நானும் பேசல."