சிவப்புக்குப் பதில் நீலம்

அப்பாவுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். இரண்டுமே காய்ந்த சேற்றின் நிறம். இது அம்மாவுக்குத் தெரியாது. கடைக்குப் போனால் அப்பா காய்த் தக்காளியை அள்ளிக்கொண்டு வருவார். "கண்ணப் பிடரியில வச்சிட்டுப் போனீங்களா?" என்று அம்மா ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பார். அப்பா சிரித்து மழுப்புவார். கல்யாணமான நாளிலிருந்து இதே கதை.

தெரிந்தவர் ஒரே ஒருவர், மாமா. அம்மாவின் தம்பி. சரக்குக் கப்பல் கம்பெனியின் கணினி அறையில் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே அப்பாதான். பக்கத்து நாற்காலி. அங்கே கட்டளைகளைத் தட்டும் கருந்திரையில், ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் கணினியின் பெயர் வண்ணத்தில் நிற்கும். சிவப்பென்றால் கம்பெனியே ஓடும் நிஜ சர்வர். பச்சையென்றால் சோதனை சர்வர். பெயரில் ஓரெழுத்துதான் வித்தியாசம். இடம் மாறி எதையாவது அழித்தால் கப்பல் துறைமுகத்திலேயே நிற்கும். அப்பா மூக்கு இடிக்கக் குனிந்து அந்தப் பெயரை எழுத்துக்கூட்டுவதை மாமா கவனித்தார்.

"அத்தான், உங்களுக்கு நெறம் தெரியலையா?"

"மெதுவாப் பேசுடா. உங்க அக்கா காதுக்குப் போகக் கூடாது."

"என் வாயில இருந்து வராது."

அன்றே மாமா அப்பாவின் கணக்கில் அந்தக் கருந்திரையின் அமைப்புக் கோப்பைத் திறந்தார். சிவப்பின் எண் 31 இருந்த இடத்தில் நீலத்தின் 34. பச்சையின் 32 இருந்த இடத்தில் மஞ்சளின் 33. நிஜ சர்வர் நீலமானது, சோதனை சர்வர் மஞ்சளானது. அதன்பின் அப்பாவுக்குக் கை தவறியதே இல்லை.

வருடங்கள் கழித்துப் பிரிவின் தலைமைப் பதவி காலியானது. வரிசையில் முதலில் அப்பா, அடுத்து மாமா. அந்த நேரம் பார்த்து, இனி எல்லோருக்கும் ஒரே அமைப்புக் கோப்பு என்றார் மேலாளர். அதை எழுதும் வேலை மாமாவுக்கு வந்தது.

"என் ரெண்டு நம்பர மட்டும் விட்டுடுடா."

"இதைச் சொல்லணுமா அத்தான்?"

கூட்டத்தில் மாமா தன் திரையைச் சுவரில் காட்டினார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஜன்னல்கள். பெயர்களை மறைத்திருந்தார், பழைய சிவப்பும் பச்சையும் மட்டும்.

"அத்தான், இதுல எது நிஜ சர்வர்னு எல்லாருக்கும் சொல்லுங்களேன்."

அப்பா சுவரைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். மாமா தன் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். குத்துமதிப்பாக இடப்பக்கத்தைக் காட்டினார் அப்பா. "சார் விளையாடுறாரு" என்று யாரோ களுக்கென்று சிரித்தார். மேலாளர் சிரிக்கவில்லை.

மாலையில் பதவியும் இல்லை, கீபோர்டும் இல்லை. இனி அச்சான தாள்களை அடுக்கும் வேலை. வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்ல வாயெடுத்தார். அம்மா கையில் போனோடு நின்றார், தம்பி முந்திக்கொண்டிருந்தார்.

"அவனுக்கு அப்பவே தெரியுமாமே."

"நீ கவலைப்படுவேன்னு..."

"நான் திட்டின ஒவ்வொரு தடவையும் நீங்க சிரிச்சீங்க. யாரப் பாத்துச் சிரிச்சீங்க?"

மாமா செய்ததை அப்பா எப்படியோ விழுங்கிக்கொண்டார். தொண்டையிலேயே நின்றது இந்தக் கேள்விதான்.

மறுநாள் அம்மாவே பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். நல்ல பழமாகப் பொறுக்கி வந்தார். அதன்பின் அப்பா கண்மூடும்வரை அந்த வீட்டில் யாரும் தக்காளிக்காகத் திட்டு வாங்கவில்லை.