இருபத்து மூன்றாவது தூக்கு

பால்ட்ருஸ் கிரிங்குஸை அதுவரை இருபத்திரண்டு முறை தூக்கில் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர் சிரித்துக்கொண்டேதான் கயிற்றுக்குக் கீழே போய் நின்றார்.

மெர்கிஸ் ஆற்றங்கரை ஊர்களில் குதிரைச் சேணம் தைப்பது அவர் தொழில். வீடு வீடாகப் போய், இரண்டு நாள் மூன்று நாள் தங்கி, அறுந்த வார்களைத் தைத்துக் கொடுப்பார். தங்கிய இடத்தில் கண்ணும் காதும் சும்மா இருக்குமா? எந்த வீட்டில் பெண் வளர்ந்து நிற்கிறாள், எந்த வீட்டில் பையன் தனியாகச் சூப்புக் குடித்துவிட்டுப் பெருமூச்சு விடுகிறான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மனைவி முதல் பிரசவத்திலேயே போய்ச் சேர்ந்துவிட, அவர் மறுபடி கட்டிக்கொள்ளவில்லை. தன் வீட்டில் அணைந்த அடுப்பை ஊரார் வீடுகளில் மூட்டிப் பார்க்கிறவர்போலக் கல்யாணத் தரகராகிவிட்டார்.

அந்தப் பக்கத்தில் தரகர் பொய் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சொல்லாவிட்டால்தான் கோபம். "மாப்பிள்ளைக்குப் பன்னிரண்டு குதிரை, கூரையெல்லாம் வெள்ளித் தகடு, கோழிகூட இவங்க வீட்ல ரெண்டு வேளைதான் முட்டையிடும், மூணாவது வேளை ஓய்வு" என்று அவர் அளந்துவிட, பெண் வீட்டார் மேசையைத் தட்டிச் சிரிப்பார்கள். கல்யாணத்தின் கடைசி நாளில் அந்தப் பொய்களுக்கெல்லாம் சேர்த்து விசாரணை நடக்கும். முகத்தில் கரி பூசி, கழுத்தில் பட்டாணிக் கொடியை மாலையாகப் போட்டு, தூக்குத் தண்டனை விதிப்பார்கள். கயிறு நெருங்கும்போது மணப்பெண் தான் நெய்த துண்டு ஒன்றை அவர் தோளில் போடுவாள். உடனே அவர் பிழைத்தார். அவருக்குப் பதிலாக ஒரு வைக்கோல் பொம்மை மரத்தில் தொங்கும். மணப்பெண் துண்டு போட மறுத்ததாக அந்த ஊர்களில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

சீமாஸுக்குப் பெண் தேடும்வரை எல்லாம் விளையாட்டாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

சீமாஸ் முப்பது வயதுக்காரன். தங்கமான பையன். அவன் அம்மா அனேலே நான்கு வருடத்துக்கு முன்பு கதிர் அறுப்பில் விழுந்தவள்தான், வலப்பக்கமும் நாக்கும் போய்விட்டன. ஊட்டிவிட வேண்டும், புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும். அத்தனையும் மகன் ஒருவனே முகம் சுளிக்காமல் செய்தான். பால்ட்ருஸ் அவனுக்காக மூன்று வீடு ஏறினார். மூன்று இடத்திலும் உண்மையைச் சொன்னார். மூன்று இடத்திலும் அவர் கொண்டுபோன சாராயக் குப்பியைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தார்கள். மூன்றாம் முறை திரும்பி வந்தபோது சீமாஸ் ஒரு கேள்வியும் கேட்காமல், அம்மாவின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்தக் காட்சி பால்ட்ருஸின் நெஞ்சை அறுத்தது.

நான்காவது வீடு காட்டுக்கு அப்பால், அரைநாள் வண்டிப் பயணம். பெண்ணின் பெயர் உர்ஷுலே. வெள்ளிக் கூரையும் பன்னிரண்டு குதிரையும் சொல்லிச் சிரித்து முடிந்தபின், அவள் அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அது கெடக்கட்டும் தரகரே. மாப்பிள்ளையோட அம்மா எப்படி?"

"அந்தம்மா மக வீட்டோட போயிட்டாங்க. அங்கதான் இனிமே. உங்க பொண்ணுதான் அந்த வீட்டு எஜமானி."

அதில் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் நம்பினார்கள். உர்ஷுலே கோப்பையை எடுத்துக் குடித்தாள். குடித்துவிட்டால் சம்மதம் என்று பொருள். வழக்கமாகப் பெண்ணின் அப்பா மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருவார். அந்த வசந்தத்தில் ஆற்றில் வெள்ளம் வடியாததால் அவர் வரவில்லை. "நீர் பார்த்தா நான் பார்த்த மாதிரிதான்" என்று தரகரிடம் சொல்லிவிட்டார்.

"மாமா, அம்மாவைப் பத்திச் சொல்லிட்டீங்கல்ல?" என்று சீமாஸ் கேட்டான்.

"எல்லாம் சொல்லியாச்சுடா, போ."

கோயிலில் மோதிரம் மாற்றிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தபோது, மாமியார் நிற்க வேண்டிய வாசலில் ரொட்டியும் உப்பும் ஏந்தி நின்றவள் சீமாஸின் சித்தி. உர்ஷுலே ரொட்டியை முத்தமிட்டுவிட்டு இயல்பாகத்தான் கேட்டாள்.

"அத்தை வரலையா? மக வீட்லேருந்து கிளம்பலையா?"

சீமாஸ் விழித்தான். "எந்த மக? அம்மா உள்ளதானே இருக்காங்க. உன்னைப் பார்க்கணும்னு காலையிலேருந்து கண்ணு கதவுமேலயே இருக்கு."

உர்ஷுலே திரும்பி பால்ட்ருஸை ஒரே ஒருமுறை பார்த்தாள். பிறகு அனேலே படுத்திருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது முகம் கல்லாக இருந்தது. ஆட வேண்டிய ஆட்டம் ஆடினாள், பரிமாற வேண்டியதைப் பரிமாறினாள். சீமாஸோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவனும் சேர்ந்துதான் ஏமாற்றினான் என்று அவள் நினைப்பது பால்ட்ருஸுக்குப் புரிந்தது. சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அருகில் போனார். இரண்டு முறையும் பாதியிலேயே திரும்பிவிட்டார்.

மூன்றாம் நாள் மதியம் விசாரணை. உர்ஷுலேயின் தாய்மாமன் க்ளெமென்சாஸ்தான் நீதிபதி. செம்மறித்தோல் கோட்டை உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டு, பீப்பாய்மேல் ஏறி உட்கார்ந்தான்.

"யோவ் தரகரே! பன்னிரண்டு குதிரைன்னீரே, எங்கய்யா? நான் பார்த்தது ஒண்ணு. அதுவும் என்னைப் பார்த்ததும் கால் நீட்டிப் படுத்துக்கிச்சு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"வெள்ளிக் கூரைன்னீர். நேத்து மழையில என் பீர்க் கோப்பை தானா நிறைஞ்சுது! நான் குடிக்கக் குடிக்கக் குறையவே இல்லை!"

"அது நல்லதுக்குத்தானேய்யா!" என்று யாரோ கத்தினார்கள்.

"பேசாதே! கடைசியா ஏதாவது சொல்லணுமா தரகரே? பொய்யாவே இருக்கட்டும், பரவாயில்ல."

இந்த இடத்தில்தான் பால்ட்ருஸ் வழக்கமாகத் தன் சிறந்த பொய்யைச் சொல்வார். இன்று அவர் கண் உர்ஷுலேயின் கையையே தேடியது. துண்டு அவள் மடியில் மடித்தபடி கிடந்தது. அவள் அதைத் தொடக்கூட இல்லை. அவள் போடாவிட்டால் கயிறு ஒன்றும் இறுகிவிடாது. ஆனால் இனி எந்த வீட்டு வாசலும் அவருக்குத் திறக்காது. அது போகட்டும். ஒன்றும் அறியாத அந்தப் பையன் காலமெல்லாம் அவள் பார்வையில் பொய்யனாகவே வாழ வேண்டுமே!

"குதிரை, கூரையெல்லாம் விளையாட்டு" என்றார். "ஒரு பொய் மட்டும் விளையாட்டில்ல. அனேலே மக வீட்ல இருக்கான்னு சொன்னேன். அவளுக்கு மகளே கிடையாது. சீமாஸுக்கு இது தெரியாது. கேட்டான். எல்லாம் சொல்லியாச்சுன்னு அவன்கிட்டயும் பொய் சொன்னேன். இவன் கை எதுலயும் இல்ல தாயி."

சிரிப்பு அறுந்தது. சீமாஸின் முகத்தில் ரத்தம் ஏறியது. "மாமா..." என்றான். க்ளெமென்சாஸ் பீப்பாயிலிருந்து மெல்ல இறங்கினான்.

உர்ஷுலே எழுந்து வந்து அவருக்கு எதிரே நின்றாள்.

"உண்மையைச் சொல்லியிருந்தா நான் மாட்டேன்னு சொல்லியிருப்பேன்னு நெனச்சீங்க, இல்ல?"

"மூணு வீட்ல சொன்னாங்கம்மா."

"அது மூணு வீடு. நான் நாலாவது வீடு. எங்க அம்மா படுக்கையில கெடந்தப்ப பார்த்துக்கிட்டவ நான். சம்மதிச்சிருப்பேனோ மாட்டேனோ, அது என் வாயால வந்திருக்கணும். என் கல்யாணத்துல என்னைக் கேக்காம விட்டுட்டீங்களே மாமா!" அவள் கண் நிறைந்து வழிந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படலைக் காட்டினாள்.

"வெளியே போங்க. போய், முதல்லேருந்து வாங்க. பொண்ணு கேளுங்க. தரகருங்க வழக்கமா சொல்ற, வழி தவறி வந்தோம்கிற கதையெல்லாம் வேண்டாம்."

பால்ட்ருஸ் கரி முகத்தோடு படலைத் தாண்டிப் போய், திரும்பி வந்தார். அத்தனை வருடத்தில் முதல்முறையாக அவருக்கு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"ஒரு பையன் இருக்கான்" என்றார். "குதிரை ஒண்ணு, அதுக்கும் இடது கண்ணு மங்கல். கூரை ஒழுகும். மண்ணு மணல், கோதுமை வராது. பையன் பாடினா பக்கத்து வீட்டு நாய் ஊளையிடும். அம்மா படுக்கையில இருக்கா, பேச முடியாது. கரண்டியால ஊட்டணும். எத்தனை வருஷம்னு சொல்ல முடியாது. பையன் அவளை ஒரு நாளும் திட்டிப் பார்த்ததில்ல."

உர்ஷுலே சீமாஸ் பக்கம் திரும்பினாள். "நீங்க?"

"எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல" என்றான் அவன். "வேண்டாம்னா இப்பவே வண்டி பூட்டறேன். உங்க அப்பா கால்ல விழுந்து, தப்பு எங்க பக்கம்னு நானே சொல்றேன். அம்மாவை மட்டும் என்னால விட முடியாது."

"அவங்களை வெளியே கூட்டிட்டு வாங்க. மாமியார் இல்லாம நான் யார் முன்னாடி குடிக்கறது?"

சீமாஸ் உள்ளே ஓடினான். கம்பளியில் சுற்றிய அம்மாவைக் கைகளில் தூக்கிவந்து லிண்டன் மரத்தடி பெஞ்சில் சாய்த்து உட்காரவைத்தான். அவள் தலை அழகாக வாரிப் பின்னப்பட்டிருந்தது. அதைப் பின்னியது உர்ஷுலேதான் என்று அங்கிருந்த பெண்கள் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. உர்ஷுலே கோப்பையை எடுத்தாள். அனேலேயின் கண்ணைப் பார்த்தபடி பாதி குடித்தாள். மீதியைச் சீமாஸிடம் நீட்டினாள். அவன் அவசரமாக வாங்கிக் குடித்ததில் பாதி சட்டையில் கொட்டியது.

பிறகுதான் துண்டு வந்தது. அவள் பால்ட்ருஸின் தோளில் அதைப் போட்டாள்.

"இது நீங்க வாயைத் திறந்து சொன்னதுக்கு" என்றாள் தணிந்த குரலில். "மன்னிக்கறதுக்கு நாளாகும் மாமா."

"ஆகட்டும் தாயி" என்றார் அவர். மரத்தில் வைக்கோல் பொம்மை ஏறியபோது எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். அவர் மட்டும் துண்டின் ஓரத்தால் கண்ணை ஒற்றி, அவள் பல நாள் உழைத்து நெய்த பூவேலையில் கரியை அப்பிவிட்டார்.

கோடை முழுக்க அந்த வீட்டிலிருந்து அழைப்பு வரவில்லை. அவரும் போகவில்லை. காளான் பறிக்கும் காலத்தில், வண்டி வார் அறுந்துவிட்டதாகச் சீமாஸ் ஆள் அனுப்பினான். பால்ட்ருஸ் போய், தலை நிமிராமல் தைத்து முடித்தார். கிளம்ப எழுந்தபோது உர்ஷுலே ஒரு கிண்ணத்தையும் மரக்கரண்டியையும் அவர் கையில் திணித்தாள்.

"பசு கத்துது. நான் கறந்துட்டு வர்றேன். அத்தைக்கு ஊட்டி விடுங்க."

நாற்பது வருடம் அடுத்தவர் குடும்பங்களைச் சேர்த்துவைத்த அந்த மனிதர் ஒருவருக்கும் ஊட்டிவிட்டதில்லை. படுக்கையோரம் உட்கார்ந்து, கூழை நிறைய அள்ளி நீட்டினார். அனேலே வாங்கினாள், முகத்தைச் சுளித்தாள், அப்படியே அவர் சட்டையில் துப்பினாள்.

தொழுவத்திலிருந்து உர்ஷுலேயின் குரல் வந்தது. "சுடும் மாமா! ஊதிக் கொடுங்க!"

அவர் கொஞ்சமாக அள்ளி, ஊதி, மறுபடி நீட்டினார்.