ஆட்டோக்காரருக்கு ஓர் அட்டை

வெள்ளவத்தையில் எங்கள் எதிர்வீட்டு ஆதிரா பள்ளிக்கூடம் போகாமல், சிங்களமும் சேர்த்து வீட்டிலேயே படிக்கிற பிள்ளை. தாய் வேலைக்குப் போனால் நான்தான் துணை. வெட்டி ஒட்டும் வேலை கொடுத்தால், பசை காயுமுன் அதன்மேல் எழுதி, எழுத்தெல்லாம் இழுபட, "முடிஞ்சுது ஆச்சி!" என்று எழும்பிவிடுவாள்.

"வடிவா எழுதடி" என்றால், "ஆர் பாக்கப் போகினம்? அம்மா சரி போட்டிட்டுக் குப்பையில போடுவா" என்பாள்.

அதிலும் நியாயம் இருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பாடம் சொல்லத் தெரியாது. ஆனால் களுபோவில ஆஸ்பத்திரியில் எனக்குக் கண் கிளினிக் இருந்தது. சிங்களம் வராது, கூச்சம் வேறு. மகனுக்கு லீவு இல்லையென்றால் போகாமலே விட்டுவிடுவேன்.

"ஆட்டோக்காரருக்குக் காட்ட, போற இடத்தைச் சிங்களத்தில எழுதி அட்டை ஒண்டு செய்து தா" என்றேன். பூவெல்லாம் ஒட்டி, எழுத்து இழுபட, ஒரு நொடியில் தந்தாள்.

நான் குறை சொல்லவில்லை. அவளோடு காலி வீதிக்கு இறங்கி, ஓர் ஆட்டோவை மறித்து நீட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆதிரா இடத்தைச் சொல்ல வாய் திறந்தாள்.

"நீ சொல்லாத. கிளினிக் அண்டைக்கு நான் தனியத்தான் நிப்பன்" என்றேன்.

அவர் அட்டையைத் தந்துவிட்டுப் போய்விட்டார்.

"உங்களை விட்டிட்டுப் போட்டார் ஆச்சி" என்றாள். அட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

அன்று பின்னேரம் முழுக்க ஓர் அட்டைதான் செய்தாள். பூ இடத்தைப் பிடிக்குது என்று அதையும் விட்டுவிட்டாள்.

கிளினிக் நாளில் தனியாகப் போனேன். ஆட்டோக்காரர் ஒரு பார்வைதான் பார்த்தார். "நகின்ன அம்மே" என்று ஏறச் சொன்னார்.

திரும்பி வந்ததும் ஆதிரா ஓடி வந்தாள்.

"வாசிச்சவரோ ஆச்சி?"

என் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குக் கோபமும் வரவில்லை. எழுதினவளுக்கு அதுதானே முதலில் தெரியவேண்டும்.